போன விக்கலைத் திரும்ப அழைத்தவன்

அவன் பழுது பார்த்த வண்டியை வாங்கிக்கொண்டு யாரும் உடனே கிளம்பிவிட முடியாது. சரியாகிவிட்ட வண்டியை அவன் மறுபடி கெடுப்பான். சொந்தக்காரன் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே கெடுப்பான். கோளாறு முன்பு இருந்த அதே லட்சணத்தில் திரும்பி வந்தால்தான் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அப்புறம் திரும்பவும் சரிசெய்து சாவியைக் கொடுப்பான். இந்தக் கூத்துக்கு ஒப்புக்கொள்ளாதவர்களை வேறு பட்டறைக்குப் போகச் சொல்லிவிடுவான்.

தென்னூரில் ஒரு வேப்பமரத்தடியில் நாலு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தான். அதுதான் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அவன் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, எழுதினால் அவனுக்குப் பிடிக்காது. என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் ‘அவன்’ என்கிறேன். நேரில் ஒருநாளும் வாங்க போங்க என்பதைத் தவிர வேறு மாதிரி பேசியதில்லை. அவன் என்னை ‘அண்ணே’ என்பான்.

முதன்முதலில் நான் பார்த்தது ஒரு லால்குடி லாரியோடு அவன் மல்லுக்கு நின்றதைத்தான். நெல் ஏற்றும் லாரி. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். சந்து திரும்பும்போதெல்லாம் ஊரைக் கூட்டியிருக்கிறது. அவன் ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து உரசுவதைக் கண்டுபிடித்து, டேப் சுற்றி, ஒடித்துக் காட்டினான். சத்தம் இல்லை. லாரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறப்போனார். இவன் டேப்பைப் பிரித்துவிட்டான். ஒடித்தான். ஹாரன் தென்னூர் முழுக்கக் கேட்டது.

“சரியாத்தானேய்யா இருந்திச்சு? ஏன் திரும்பக் கெடுக்கிற?”

“கெடுக்கலைங்க. கூப்பிட்டுப் பாக்கறேன். போன்னா போகணும், வான்னா வரணும். அப்பத்தான் அது என் கைல இருக்குன்னு அர்த்தம்.”

“வந்து தொலைச்சிடுச்சுல்ல? திரும்பச் சுத்து.”

“இன்னொரு தடவை பாத்துடறேங்க.”

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. அடுத்தவன் வண்டி என்றால் எல்லாமே வேடிக்கைதானே.

அவனுக்கு ரொம்பப் பிடிக்காதது, தானாகச் சரியாகிவிடும் கோளாறு. ஒரு டாக்டர் கார் பட்டறைக்குள் நுழைந்ததுமே ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டது. டாக்டருக்குச் சந்தோஷம். இவன் மூன்று நாள் வண்டியைக் கொடுக்கவில்லை. “அதுவா போச்சுன்னா போகலைங்க, எங்கயோ உக்காந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். டாக்டர் மூன்று நாளும் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அவன் சம்சாரம் ஒரு தடவை பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது சொன்னது இது: “இவருகிட்ட தலைவலின்னு வாயைத் திறக்கக் கூடாதுங்கண்ணே. காப்பி குடிச்சேன், விட்டுடுச்சுன்னு சொன்னா, நாளைக்குக் காப்பி இல்லாம இருந்து பாரு, வருதான்னு பாப்போம்கறாரு. இப்பல்லாம் தலை வலிச்சா அடுத்த வீட்டுல போய்ச் சொல்லிட்டு வரேன்.” அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “வந்துச்சா இல்லையா?” என்றான். “வந்துச்சு” என்றாள். “அப்ப காப்பிதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவன் கையில் என் மானம் போய்ச் சிக்கியது.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி. கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வக்கீல் ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக்கூரை, சக்கரத்துக்கு சைக்கிள் மாதிரிக் கம்பிகள், நீட்டு மூக்கு, ரத்தச் சிவப்பு. பந்தயத்துக்குச் செய்த வண்டி, கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. வக்கீலுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியும் என்ற நினைப்பு உண்டு. சித்திரை வீதியில் ஒரு மாட்டைப் பார்த்து பயந்து மதிலில் ஏற்றின பிறகு, என் பக்கத்து இருக்கையோடு நிறுத்திக்கொண்டார். மற்றபடி நல்ல மனிதர். பெண்சாதி இன்னும் நல்ல மனுஷி.

அந்த வருஷம் கார்த்திகையிலிருந்து வண்டிக்கு விக்கல் பிடித்தது. நாலு சிலிண்டரில் ஒன்று, சில சமயம் இரண்டு, வெடிக்காமல் ஏமாற்றும். பட்டறைக்காரர்கள் மிஸ் அடிக்கிறது என்பார்கள். காலையில் கிளம்பி ஆற்றங்கரை அம்மா மண்டபம் தாண்டுவதற்குள் ஆரம்பிக்கும். காவேரிப் பாலத்தில் ஏறினால் போதும், இழுக்காது, வெட்டி வெட்டிப் போகும், பின்னால் ‘பட் பட்’ என்று வெடிக்கும். பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரன் எங்களைத் தாண்டிப் போவான், போகும்போது திரும்பியும் பார்ப்பான். பந்தயக் காருக்கு அதைவிடக் கேவலம் வேண்டுமா? ஊருக்குள் வந்து கோர்ட்டை நெருங்கினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

பிளக் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். போகவில்லை.

ஒருநாள் வக்கீல் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற அதே குரல்.

“பெட்ரோல் என்னிக்குப் போடறே?”

“வியாழக்கிழமை சாயங்காலம்ங்க ஐயா.”

“யார் கூட?”

“நான் மட்டும்தாங்க.”

“வெள்ளிக்கிழமை கார்த்தால வண்டி விக்கறது. சனிக்கிழமை கொஞ்சம். திங்கக்கிழமை சரியாயிடறது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி விக்கறது. நான் கவனிச்சிண்டே வரேன். என்ன அர்த்தம்?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் பெட்ரோலை வடித்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறேன் என்கிறார். அந்தக் காலத்தில் டிரைவர்கள் சிலர் செய்கிற வேலைதான் அது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். சாவியை அவர் மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்று போனால் திருடன் என்ற பேரோடுதான் போக வேண்டும். கை சுத்தமில்லாத டிரைவர் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் சொன்னால் உறையூர் வரைக்கும் எவனும் வண்டியைத் தொடவிடமாட்டான். வீட்டில் பெண்டாட்டி, கைக்குழந்தை. போகமாட்டேன் என்று அங்கேயே, அந்த மேஜைக்கு முன்னாலேயே முடிவு செய்தேன். இந்தப் பேரைத் துடைக்காமல் இந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

“நான் கலக்கலைங்க” என்றேன்.

“தை பொறக்கட்டும். அதுக்குள்ள வண்டி சரியாச்சுன்னா சரி. இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

அதோடு விட்டாரா? பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கே நாலு பேர் இருக்கும்போது, “இனிமே இவன் தனியா வந்தா பெட்ரோல் போடாதே, என் குமாஸ்தா கூட வருவார்” என்றார். பங்க் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தான். நேற்றுவரை என்னோடு பீடி பிடித்தவன். அந்த வியாழக்கிழமை குமாஸ்தா கூடவே வந்தார். மறுநாள் வண்டி அப்படியே விக்கியது. வக்கீல் அசரவில்லை. “ஆத்துக்கு வந்தப்புறம் கலந்திருப்பே” என்றார். ஒரு மனிதன் சந்தேகப்படுவதென்று உட்கார்ந்துவிட்டால் நாம் என்ன செய்தாலும் அவனுக்கு அது சாட்சிதான்.

வக்கீலைக் கோர்ட்டில் இறக்கிவிட்டு நேரே தென்னூருக்கு வந்தேன். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொஞ்சம் அழுதும்விட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டினான். நாலும் வேலை செய்தன.

“இப்ப நல்லாத்தான் இருக்கு” என்றான், துக்கம் விசாரிக்கிற மாதிரி. பிறகு, “போய் ஒரு டீ சொல்லிட்டு வாங்கண்ணே.”

டீக்கடை தெருக்கோடியில். நான் டீயோடு வந்தால், டீயை வாங்கி எஞ்சின் மேல் வைத்துவிட்டு மறந்துவிட்டான். அடுத்த வெள்ளியும் அதேதான். வண்டி பாலத்தில் விக்கும், பட்டறையில் விக்காது, எனக்கு டீ வாங்குகிற வேலை. மூன்றாவது வெள்ளியும் போய் வாங்கி வந்தேன், அவன் குடிக்கவில்லை. மார்கழி பாதி தாண்டிவிட்டது. “நான் வேலை போகப்போறவன், நீங்க டீயை ஆற வச்சு ஈ மொய்க்க விடறீங்க” என்று கத்தினேன். அவன் பட்டறைத் தூணில் ஆணியில் குத்தி வைத்திருந்த பேப்பர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை துடைக்கக் கிழித்து வைத்தது என்று நினைத்தேன்.

“இது இங்க வராதுண்ணே” என்றான். “அது இருக்கிற இடத்துக்கு நான் வரேன். வர்ற வெள்ளிக்கிழமை.”

மார்கழிக் காலை, விடிந்தும் விடியாத நேரம், சைக்கிளில் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் வந்துவிட்டான். தலையில் துண்டைச் சுற்றியிருந்தான். வக்கீல் வீட்டுக் கொல்லையில் கூரை மட்டும் போட்ட கொட்டகையில் வண்டி நின்றது. பனி இறங்கி சீட்டெல்லாம் ஈரம்.

“தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. நான் இருக்கேன்னு எதையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க” என்றான்.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே. வண்டியைத் துடைத்தேன். அம்மா, அதாவது வக்கீல் பெண்சாதி, எப்போதும் போல் தட்டில் சந்தனம், குங்குமம், பூ வைத்துக் கொடுத்தார்கள். பானெட்டைத் தூக்கினேன். ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, எஞ்சின் தலையில் மூன்று விரலால் சந்தனம் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்தேன். எஞ்சினுக்குத் தலை எது என்று கேட்டால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடி. அதிலிருந்துதான் ஒயர்கள் ஜடை மாதிரிக் கிளம்பும். நெற்றி மாதிரி இருக்கும். தண்ணீர் தெளித்து, கும்பிட்டு, பானெட்டை மூடினேன். அவனும் கும்பிட்டான்.

இருவரும் ஏறிக் கிளம்பினோம். அம்மா மண்டபம் திரும்பியதும் விக்கல் ஆரம்பித்தது. பாலத்தின் நடுவில் வண்டி நடுங்கியது.

“நிறுத்துங்க. ஆஃப் பண்ணாதீங்க.”

இறங்கினான். பானெட்டைத் தூக்கி, போட்டோ பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் போகிற மாதிரி, தலைத் துண்டை எடுத்துத் தன்னையும் எஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தான். பாலத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அண்ணே, வாங்க. உள்ள பாருங்க.”

துண்டுக்குள் தலையை விட்டேன். இருட்டு. ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். நான் தீற்றிய சந்தனத்தின் மேல், ஒரு ஒயரின் அடியிலிருந்து இன்னொரு ஒயரின் அடிக்கு, நீலமாக ஒரு நூல் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டு ஈரச் சந்தனத்தில் வழிதவறிப் பக்கத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தினான். சட்டை நுனியால் மூடியை ஈரமில்லாமல் துடைத்தான். ஸ்டார்ட் செய்தோம். பாலத்தின் மிச்சத்தை அந்த வண்டி எப்படிக் கடந்தது தெரியுமா? துரை ஓட்டின காலத்தில்கூட அப்படி ஓடியிருக்காது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை ஈரச் சந்தனம். எஞ்சின் சூடேறிக் கோர்ட்டை நெருங்கும்போது காய்ந்துவிடும். சனிக்கிழமை பனியில் கொஞ்சம் நனையும். திங்களுக்குள் பொடியாக உதிர்ந்துவிடும். வாரம் தவறாமல் என் கையாலேயே வைத்திருக்கிறேன். சாமிக்குச் செய்கிற காரியத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

“எப்பலேர்ந்து இங்க வைக்கிறீங்க?”

“தீபாவளிக்குப் பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து. அதுக்கு முந்தி பானெட்டு மேலதான். பெயிண்டு கெட்டுடும், வெளியில வைக்காதேன்னு ஐயா சொன்னாங்க.”

அவன் ‘உம்’ என்றான்.

வீட்டுக்குத் திரும்பினோம். வக்கீல் கோர்ட்டுக்குத் தயாராக வாசலில் நின்றார். ஏறி உட்கார்ந்து வீதியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விக்கலின் அடையாளமே இல்லை. நான் சந்தனத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

“வெள்ளிக்கிழமை. விக்கலை” என்றார் வக்கீல், என்னைப் பார்த்தபடி. “மெக்கானிக் வரான்னு தெரிஞ்சுது, நேத்து கலக்கலை. அவ்வளவுதானே?”

வண்டி சரியானதே என்னைத் திருடனாக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“பாலத்துல விக்குச்சுங்க” என்றான் அவன்.

“நீ சொல்றே. நான் பாக்கலையே. சரி, ஓடறது, விட்டுத்தள்ளு. இனிமே ஒழுங்கா இருந்தான்னா நானும் மறந்துடறேன். வண்டிய எடு, நாழியாச்சு.”

அவன் நகரவில்லை. வண்டிக்கு முன்னால், அந்த நீட்டு மூக்கில் முழங்கால் இடிக்க, நின்றான். வக்கீலை எதிர்த்து ஸ்ரீரங்கத்தில் அப்படி நின்றவர்கள் குறைவு.

“அரை மணி கொடுங்க. அதைத் திரும்ப வரவழைக்கணும்.”

“எதை?”

“விக்கலை.”

“பைத்தியமாடா நீ? ஓடற வண்டிய…”

“ஓடறது எனக்குப் போதும்ங்க. இந்த அண்ணனுக்குப் போதாது.”

வக்கீல் கைக்கடியாரத்தைப் பார்த்தார். பெண்சாதி வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். எதிர்வீட்டு, பக்கத்துவீட்டு ஜன்னல்களும் திறந்துகொண்டன. அவன் அம்மாவிடம் போய், “அந்தச் சந்தனத் தட்டைக் கொஞ்சம் கொடுங்கம்மா” என்றான்.

டாங்கியைத் திறந்து வக்கீலை எட்டிப் பார்க்கச் சொன்னான். மூடியை இறுக்கி, அதன்மேல் அவருடைய கைக்குட்டையையே வாங்கிக் கட்டினான். “பெட்ரோல் இதுதான். இனிமே யாரும் தொட முடியாது. சரிங்களா?” என்றான். எஞ்சினை ஓடவிட்டான், சீராக ஓடியது. நிறுத்தி, “அண்ணே, காலைல வச்ச மாதிரியே வைங்க” என்றான். வைத்தேன். ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் விக்கியது, வண்டி முழுக்க உதறியது, பின்னால் வெடித்தது. நிறுத்தித் துடைத்தான். ஓடியது. மறுபடி வைக்கச் சொன்னான். விக்கியது.

“இப்ப நீங்க வைங்க” என்றான் வக்கீலிடம்.

கோட்டு போட்ட கையோடு வக்கீல் குனிந்து, தன் விரலாலேயே சந்தனத்தைத் தீற்றினார். விக்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ ‘ச்சொ’ கொட்டினார்கள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பெருமாளுக்குச் சாத்தற சந்தனம் வண்டியைக் கெடுக்குமா?”

“சந்தனம் கெடுக்கலைங்கம்மா. என் பட்டறையிலயும் ஆயுத பூஜைக்கு வைக்கிறதுதான். ஈரத்தை அந்த மூடி தாங்காது. இடம்தான் தப்பு.”

“அப்போ எங்கதான் வைக்கறது?”

“முன்னாடி வச்ச இடத்துலயே வைக்கலாம்ங்க. பானெட்டு மேல.”

அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்கதானே பெயிண்ட் போயிடும், உள்ள வைன்னு இவர்கிட்ட சொன்னேள்?” என்றார்கள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள்.

வக்கீல் விரலில் இருந்த சந்தனத்தைத் துடைக்க இடம் தேடினார். கைக்குட்டை டாங்கியில் கட்டியிருந்தது. கடைசியில் கோட்டிலேயே துடைத்துக்கொண்டார். “சரி. பெட்ரோல் இல்லை” என்றார்.

அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது. அவனுக்குப் போதவில்லை. “இங்க சொன்னீங்க, சந்தோஷம்ங்க. பங்க்லயும் சொல்லிடுங்க. அங்கதானே இந்தப் பேரை வச்சீங்க?” என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். ஏறினவன் இறங்கினான். வண்டியருகே திரும்பி வந்து, அந்தக் கறுப்பு மூடியைக் கடைசியாக ஒருதரம் துடைத்துவிட்டுப் போனான்.

கோர்ட்டுக்குப் போகிற வழியில் வக்கீல் தாமாகவே பங்கில் நிறுத்தச் சொன்னார். மனு வாசிக்கிற குரலில், “அன்னிக்கு இவனைப் பத்திச் சொன்னது தப்பு. இவன் ஒண்ணும் கலக்கலை. இனிமே தனியாவே வருவான்” என்றார். பங்க் ஆள் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கோர்ட்டில் இறங்கும்போது, “மனசுல வச்சுக்காதேப்பா” என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கப்புறமும் அவரிடம் பல வருஷம் ஓட்டினேன், விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

அவரை இறக்கிவிட்டுத் தென்னூருக்குப் பறந்தேன். அவன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். என்னை நம்பினதுக்கு, என் பக்கம் நின்றதுக்கு என்று ஏதோ உளறியிருப்பேன்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான். “நான் நம்பலையேண்ணே” என்றான்.

ஆணியிலிருந்து அந்தப் பேப்பர் துண்டுகளை எடுத்துக் கொடுத்தான். மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் இரண்டு வட்டம். ஒரு வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் பேப்பர். பக்கத்து வட்டத்தில் எண்ணெய்க் கறை. பழைய துண்டில் அந்தக் கறை மங்கியிருந்தது, போன வாரத்துத் துண்டில் பளிச்சென்று இருந்தது.

“இது உங்க டாங்கிலேர்ந்து எடுத்த சொட்டு. நல்ல பெட்ரோல், காத்துல போயிடும், கறை நிக்காது. இது அதுலயே நான் மண்ணெண்ணெய் கலந்து வச்ச சொட்டு. கலந்தா எப்படி இருக்கும்னு தெரியணும்ல? மூணு வெள்ளிக்கிழமையும் பாத்தேன்.”

“எப்ப எடுத்தீங்க?”

“நீங்க டீக்கடைக்குப் போனப்ப.”

கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “நீங்களும் என்னைத் திருடன்னுதான் நினைச்சீங்களா?” என்று கத்தினேன். “நினைச்சுக்கிட்டே என்னை டீ வாங்க அனுப்பிச்சீங்களா?”

“நினைக்கலைண்ணே. தெரியலை. தெரியாம இருந்துச்சு, பாத்தேன். முதல் வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் இன்னும் ரெண்டு தடவை பாத்தேன்.”

“அப்ப இதை வக்கீல்கிட்ட காட்டியிருக்கலாமே. நான் மூணு வாரம் தூங்கலையே.”

“பேப்பரைக் காட்டினா, இது எந்த டாங்கிச் சொட்டுன்னு ஆயிரம் கேள்வி கேப்பாரு. அவரு வக்கீலு. வண்டி விக்கினா என்ன கேக்க முடியும்?”

நான் கவிழ்ந்து கிடந்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று துண்டுகளும் என் கையில் இருந்தன. என் பெண்டாட்டி இந்தக் கஷ்டம் முழுவதிலும் ஒரு கேள்வி கேட்கவில்லை, என்னை நம்பினாள். அம்மா நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். வக்கீல் நம்பவில்லை, அப்புறம் ஒப்புக்கொண்டார். இவர்கள் யாருக்கும் நான் திருடினேனா இல்லையா என்று தெரியாது. நான் திருடவில்லை என்று தெரிந்த ஆள், என்னைத் தவிர, இந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான். அது புரிந்ததும் மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி அழுகை.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உக்காருங்கண்ணே, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்” என்று தெருக்கோடிக்குப் போனான். இரண்டு டீயோடு வந்தான். அன்றைக்குத்தான் அவன் டீயைச் சூடாகக் குடிப்பதைப் பார்த்தேன்.